ஆழாக்கும் பலமும்: ‘சமைத்துப் பார்’ மீனாட்சி அம்மாள்

அடுக்களை வேலையைப் பெண்ணுக்கும் அவ்வேலையால் வரும் புகழை ஆணுக்கும் பிரித்துக் கொடுத்த மரபு நம்முடையது. சுவையான உணவைப் பாராட்ட வேண்டுமாயின் நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்குப் படைக்கும் உணவு, பீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூலின் நெறி வழுவாமல் ஆக்கியது எனப் பேசப்படுகிறது. நூலும் ஆணுடையது, பெயரும் ஆணுடையது. பெண் சமைத்ததைப் பாடிய பாட்டு ஒன்று குறுந்தொகையில் உண்டு. கூடலூர் கிழார் காட்டும் அந்த இளம் மனைவி தயிரைக் கையாலேயே பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் பட, கறைபடும் உடையையும் பொருட்படுத்தாமல் குழம்பாக்குகிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவள் உழைப்புக்குக் கிடைத்த கூலி அந்த ஒற்றைச் சொல்தான். கவிதை என்ற வகையில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டுவதில்லை. ஆயின் அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கணவன் இல்லாமற்போன பெண்ணின் நிலை என்ன என்று அந்தப் பாட்டு நம்மிடம் சொல்வதில்லை. பாட்டின் வேலையும் அதுவன்று.

நடைமுறையிலும் இதுவே கண்ட உண்மை. வீட்டில் நாள்தோறும் மூன்று வேளையும் அடுப்பெரிப்பவள் பெண். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி என்று ஊர் கூடி உண்ணும் நாளில் கூலி பேசி, பாத்திரம் இறக்கி, அகப்பை பிடிப்பவர் ஆண். நெல்லைச் சீமையில் தவசிப்பிள்ளை என்று சொல்வதும், நம் மக்கள் பண்டாரி என்று அழைப்பதும் ஆண்களையே. சமையல் கூலிக்குரிய தொழிலாக மாறும் இடத்தில் பெண் ஒதுங்கி, வெங்காயம் உரிக்கவும் தேங்காய் துருவவும் உட்கார்ந்துவிடுகிறாள். இந்த எல்லையைத் தாண்டி, அடுக்களை அறிவையே முதலாகப் போட்டுத் தம் பெயரால் ஒரு தொழிலை நிறுவிய தமிழ்ப் பெண்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் எஸ். மீனாட்சி அம்மாள். அவருடைய ‘சமைத்துப் பார்’ நூலைக் கையால் தொடாத தமிழாசிரியர் இருக்கலாம். அதன் பெயரைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் அரிது. புகழ் இவ்வளவு இருந்தும், நம் இலக்கிய வரலாற்று நூல்களில் அம்மையாருக்கு ஒரு வரி இடம் கிடைத்ததில்லை. பல்லாயிரம் பேர் வரிக்கு வரி படித்து, படித்தபடியே செய்தும் பார்த்த உரைநடை நூலொன்றை எழுதியவருக்கு அந்த ஒரு வரியை மறுத்தது முறையன்று என்பதே நம் கருத்து.

மீனாட்சி அம்மாள் பிறந்தது 1905ஆம் ஆண்டு. அக்கால அந்தணர் குடும்பங்களின் வழக்கப்படி இளமையிலேயே மணம் நடந்தது. இருபது வயதையொட்டிக் கணவரை இழந்தார். கையில் ஒரு மகன், உடன் மாமியார், ஏழு வயது நிரம்பிய கொழுந்தன் ஒருவன். சிறுவர் இருவர், முதியவள் ஒருத்தி ஆகிய மூவரையும் தாங்க வேண்டிய பொறுப்பு அந்த இளம்பெண்ணின் தோளில் விழுந்தது.

இன்றைய மாணவியர் இந்நிலையின் கடுமையை உணர வேண்டுமாயின் அக்காலச் சட்டத்தையும் வழக்கத்தையும் சிறிது அறிதல் வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது, அக்கிரகாரத்தில் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சோறும் துணியும் பெறும் உரிமை இருந்ததே அன்றிச் சொத்தில் பங்கு இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே ஓர் அளவுக்குப் பங்கு கிடைத்தது. அதுவும் வாழ்நாள் அனுபவத்துக்கு மட்டுமே. முழு உரிமை என்று சொல்லத்தக்கது 1956இல்தான் வந்தது. மங்கல நிகழ்ச்சிகளில் கைம்பெண் முன்னே வந்து நிற்றலாகாது என்பது வழக்கம். உணவிலும் அவளுக்கு விலக்குகள் பல. வைதிகக் குடும்பங்களில் ஒருவேளை உணவோடு நாளைக் கழித்தவர் எண்ணற்றோர். பிறருக்கு விருந்து சமைக்கலாம். தான் அவ்விருந்தில் அமரலாகாது. சட்டத்தின் கண்ணில் பிறரால் தாங்கப்பட வேண்டியவள் என்று எழுதப்பட்ட ஒருத்தி, உண்மையில் மூவரைத் தாங்கினாள் என்பது இவண் நோக்கத்தக்கது.

அதே சமூகத்தில், அதே துயரத்துக்கு ஆளான சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) வேறொரு வழியைக் கண்டார். சிறுமியாயிருந்தபோதே கணவனை இழந்த அவர் 1911இல் பட்டம் பெற்று, 1912இல் சென்னையில் இளம் கைம்பெண்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அவ்வில்லத்தில் பயின்றோர் பலர் ஆசிரியைகள் ஆயினர். படிப்பும் பள்ளியும் ஒரு வழி. மீனாட்சி அம்மாளுக்குப் பட்டம் இல்லை. அவர் கற்றிருந்தது அடுக்களையில் கற்றது. குடும்பத்திலும் சுற்றத்திலும் அவர் கைப்பக்குவம் பேசப்பட்டது. ஐயம் வந்தால் உறவினர் அவரிடமே வந்து கேட்டனர். எதை எப்போது சேர்ப்பது, எது கெட்டால் எதைக் கொண்டு சரிசெய்வது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுப் போனவர் பலர். இங்ஙனம் பல ஆண்டுகள் இலவசமாகவே வழங்கப்பட்ட அறிவு அது.

இதற்கு ஒரு விலை உண்டு என்று கண்டவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞர். மியூசிக் அகாதெமியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். அவர்தாம், வாயால் சொல்வதை எழுதி நூலாக்கும்படி அம்மையாரை ஊக்கினார். குடும்பத்துப் பெரியவர் ஒருவர், அதிலும் ஊரறிந்த பெரியவர், அடுக்களை அறிவை நூலுக்குத் தகுதியானது என்று மதித்தது எளிய செய்தியன்று. ஆனால் ஊக்குவது ஒன்று, எழுதுவது வேறொன்று. எழுதி அச்சிட்டு விற்பது முற்றிலும் வேறு. இம்மூன்றினுள் பின்னிரண்டையும் செய்தவர் அம்மையார். 1951இல் ‘சமைத்துப் பார்’ முதற்பாகம் அவருடைய சொந்த வெளியீடாகவே வந்தது. பதிப்பகத்தாரிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்து ஒரு தொகை வாங்கிக்கொண்டு அமைந்துவிடவில்லை. நூலின் உரிமை அவரிடமும் அவர் குடும்பத்திடமும் நின்றது. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் நிலையான சொத்தாக அது விளங்கியதற்கு இந்த ஒரு முடிவே காரணம்.

தமிழில் அதற்கு முன் சமையல் நூல்களே இல்லை என்று சொல்லுதல் பிழை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் சரசுவதி மகாலில் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரால் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் பாகசாஸ்திரம் என்ற பெயரில் அச்சேறிய தமிழ் நூல்களும் உண்டு. இவை பெரும்பாலும் சமைக்கத் தெரிந்தவர்க்கு நினைவூட்டும் நூல்கள். உப்பு வேண்டுமளவு, புளி தக்க அளவு, பதமாகக் காய்ச்சி இறக்குக என்ற முறையில் எழுதப்படுவது இவ்வகை. பதம் எதுவென்று அறிந்தவனுக்கு அந்தச் சொல்லே தேவையில்லை. அறியாதவனுக்கு அந்தச் சொல்லால் பயனில்லை.

மீனாட்சி அம்மாள் எழுதியது அறியாதவளுக்கு. தேவையான பொருள்களை அளவோடு முதலில் நிறுத்தி, செய்முறையை அடுத்து வைத்தார். கைப்பதம், கண்ணளவு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வன எல்லாம் எழுத்தில் பிடிபடாதவை. நாற்பதாண்டு சமைத்த ஒருத்தியிடம் எவ்வளவு உப்பு என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுவாள். அந்தக் குவித்த கையை எழுத்தில் கொண்டுவர வேண்டுமானால் அவள் தன் கையையே அந்நியப் பொருள்போல் பார்க்க வேண்டும். உப்பை அள்ளிய பின் கொட்டி அளக்க வேண்டும். மிளகாய் எத்தனை என்று எண்ண வேண்டும். எது முதலில் சிவக்கும், எது பின்னால் கருகும், பெருங்காயத்தை எண்ணெயில் பொரிப்பதா நீரில் கரைப்பதா என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் பேச்சைப் பிரித்து எழுத்தும் சொல்லும் ஆக்கிக் காட்டியதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை என்று வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர். சிரிக்கட்டும். அறிந்ததை அறியாதவர்க்கு இலக்கணமாக்குவது எத்துறையிலும் ஒரே உழைப்புத்தான்.

அளவு என்று சொல்லும்போது அன்றைய அளவைகளையும் நினைக்க வேண்டும். நூலில் வந்தவை ஆழாக்கும் பலமும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எடையில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. பட்டணம்படி என்றும் சின்னப்படி என்றும் ஊருக்கொரு படி நடமாடிய காலம் அது. சென்னையில் அச்சான நூலை வைத்துத் திருநெல்வேலியில் சமைத்தவள் தன் வீட்டுப் படியையும் நூலின் படியையும் ஒப்பிட்டுத்தான் அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டும்.

நூல் வெளிவந்த 1951ஆம் ஆண்டையும் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு சென்னை மாகாணத்தில் அப்போதும் நீடித்தது. அரிசிக்குச் சீட்டு, வரிசை, தட்டுப்பாடு. இராஜாஜி முதலமைச்சராகி 1952இல் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகே மக்கள் மூச்சுவிட்டனர். அரிசியை எண்ணிப் போடும் நாளில் பாயசத்துக்கும் பட்சணத்துக்கும் வழி சொல்லும் நூலொன்றை அச்சிட்டு விற்க முனைவது துணிவான காரியம். அன்றி, அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பதினர்கூட இல்லை, 8.86 விழுக்காடு. பெண்களுக்காகப் பெண் எழுதி விற்கும் நூலுக்குச் சந்தை இவ்வளவே.

ஆயினும் சந்தை இருந்தது. அது முன்பில்லாத சந்தை. தில்லி, பம்பாய், கல்கத்தா என்று அரசு வேலையும் வங்கி வேலையும் இளைஞரை இழுத்துக்கொண்டு போன காலம். அவர்களோடு இளம் மனைவியரும் சென்றனர். மாமியாரும் பாட்டியும் ஊரிலேயே நின்றுவிட்டனர். கூட்டுக் குடும்பத்தில் நான்கு பெண்களுக்கு நடுவே கண்ணால் பார்த்தே கற்ற கல்வி, தனிக் குடித்தனத்தில் அறுந்துபோயிற்று. வத்தக்குழம்புக்கு எண்ணெய் எவ்வளவு என்று கேட்க அண்டை வீட்டில் ஆளில்லை. அண்டை வீட்டார் பேசுவது இந்தி அல்லது வங்காளி. அந்தப் பெண்ணுக்கு அருகே வந்து நின்ற பாட்டியாக இந்நூல் அமைந்தது. இந்த இடைவெளியை அம்மையார் திட்டமிட்டு ஆராய்ந்து கண்டார் என்று நாம் சொல்லவில்லை. உறவுப் பெண்கள் தம்மிடம் கேட்ட கேள்விகளில் அதனைக் கேட்டிருப்பார்.

நூலின் பெயரைப் பற்றித் தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ‘சமைத்துப் பார்’ என்பதில் பார் என்பதைத் துணைவினையாகக் கொண்டால் முயன்று பார் என்ற பொருள் வரும். தலைமை வினையாகக் கொண்டால், முதலில் சமை, பின்னர் உன் கண்ணாலேயே பார் என்று பொருள் விரியும். ஒன்று அழைப்பு, மற்றொன்று சவால். ஆங்கிலத்தில் பெயர்த்தோர் ‘குக் அண்ட் சீ’ என்று இரண்டாவதை எடுத்துக்கொண்டனர், முதலாவது நழுவிவிட்டது. ஏவல் ஒருமையில் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. அச்சு நூல்கள் வாசகரை மரியாதைப் பன்மையில் விளிப்பது வழக்கமாயிருக்க, இந்நூற்பெயர் மூத்தவள் இளையவளிடம் பேசும் ஒருமையில் நிற்கிறது. அதனை மரியாதைக் குறைவாக எவரும் கொள்ளவில்லை.

இவ்விடத்தில் கடல் கடந்து சிறிது நோக்குவது பொருந்தும். அமெரிக்க நாட்டில் கறுப்பினப் பெண்கள் சமையலால் உயர்ந்த வரலாறு மீனாட்சி அம்மாளின் வரலாற்றோடு ஒட்டியும் வெட்டியும் செல்வது. மலிண்டா ரசல் என்பவர் டென்னசியில், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பதாம் வயதில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் குடிபெயரப் புறப்பட்டார். வழியில் உடன் வந்தோருள் ஒருவர் பணத்தைத் திருடிவிட்டமையால் வர்ஜீனியாவிலேயே தங்கிச் சமையல் வேலைக்குச் சென்றார். மணம் முடித்து நான்கே ஆண்டுகளில் கணவர் இறந்தார். ஊனமுற்ற மகன் ஒருவனோடு டென்னசிக்குத் திரும்பி விடுதி நடத்தினார். பின்பு ஆறாண்டுகள் இனிப்புப் பண்டக் கடை வைத்துப் பணம் சேர்த்தார். 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவே, கொள்ளைக் கூட்டம் அதனையும் பறித்துக்கொண்டது. மிச்சிகனுக்குத் தப்பியோடி, 1866இல் பா பா என்னும் சிற்றூரில் சமையல் நூலொன்றை அச்சிட்டார். ஊர் திரும்பப் பணம் வேண்டும், அதற்காகவே இதனை விற்கிறேன் என்னும் கருத்தை நூலின் முகப்புரையிலேயே ஒளிக்காமல் எழுதினார். ஏறத்தாழ நாற்பது பக்கமே கொண்ட அச்சிறு நூலின் ஒரே ஒரு படி 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டெடுக்கப்பட்டது. கறுப்பினப் பெண்ணொருத்தி எழுதி அச்சேறிய சமையல் நூல்களுள் இன்று அறியப்பட்டவற்றில் முதலாவது அதுவே. கைம்பெண், ஒரே மகன், சமையல், சொந்த நூல்: இந்த நான்கும் இரு கண்டங்களில் எண்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே வரிசையில் அமைந்தது வியப்புக்குரியது.

அபி ஃபிஷர் அம்மையாரின் கதை இன்னும் சுவையானது. அடிமைமுறை நிலவிய தென் கரோலினாவில் 1831ஐ ஒட்டிப் பிறந்தவர். பதினொரு மக்களைப் பெற்றவர். விடுதலைக்குப் பின் குடும்பத்தோடு சான்பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்று ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்கும் தொழில் நடத்தினார். 1880இல் அந்நகரப் பொருட்காட்சியில் இரு பதக்கங்கள் பெற்றார். அவருக்கு எழுத்தும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நகரத்து வெள்ளையர் சிலர் துணைநிற்க, அவர் வாயால் சொன்னதைப் பிறர் எழுதி 1881இல் நூலாக வந்தது. அச்சிட்டது பெண்கள் கூட்டுறவு அச்சகம். இவர் பேச்சோ தென்புலத்துப் பேச்சு. எனவே ‘சக்கட்டாஷ்’ என்ற உணவு ‘சர்க்யூட் ஹாஷ்’ ஆயிற்று. ‘ஜம்பலாயா’ ‘ஜம்பர்லி’ ஆயிற்று. ஏடு பெயர்த்தெழுதுவோர் செவிப்பிழையால் உண்டாகும் பாடபேதங்களைப் படித்தறிந்த நமக்கு இது புதிதன்று. நம்மவரான வை.மு. கோதைநாயகி அம்மாளும் தம் முதற்படைப்பைத் தோழி பட்டம்மாள் எழுத வாயால் சொன்னவரே. பிற்பாடு ‘ஜகன்மோகினி’ இதழை முப்பதாண்டுக்கு மேல் நடத்தினார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஒற்றுமையை மட்டும் சொல்லி வேற்றுமையை மறைத்தல் நேர்மையாகாது. மலிண்டா ரசலும் அபி ஃபிஷரும் பிறர் வீட்டு அடுப்பில் நின்ற இனத்தைச் சேர்ந்தவர்கள். வெள்ளையர் மேசையின் சுவை முழுவதும் கறுப்பர் கையால் வந்தது; பெயர் மட்டும் வீட்டுத் தலைவிக்குப் போயிற்று. அவர்கள் நூல் எழுதியது அப்பெயரை மீட்டுக்கொண்டதற்கு ஒப்பு. மீனாட்சி அம்மாள் சாதியால் ஒடுக்கப்பட்டவரல்லர். அவர் சமையலுக்கு மதிப்புத் தர அவர் சமூகம் முன்பே தயாராக இருந்தது. வழக்கறிஞரான மாமாவும் இருந்தார். பெண் என்பதாலும் கைம்பெண் என்பதாலும் வந்த தடை அவருடையது. நிறத்தாலும் அடிமைமுறையாலும் வந்த தடை அவர்களுடையது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த நாம் முயலவில்லை.

இனி, நூலின் பிற்கால வாழ்வு. முதற்பாகத்தைத் தொடர்ந்து இரண்டாம், மூன்றாம் பாகங்களும் வந்தன. பண்டிகை, சடங்கு, திருமணம் ஆகியவற்றுக்குரிய உணவும் முறைகளும் இவற்றில் இடம்பெற்றன. ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. மெல்ல மெல்ல ஒரு வழக்கம் உருவாயிற்று. மகளுக்குத் திருமணமானால் சீரோடு ‘சமைத்துப் பார்’ நூலையும் வைத்து அனுப்பினர். வெண்கலப் பானைக்கும் ஈயச்சொம்புக்கும் இடையே அந்த நூலும் புகுந்த வீடு சென்றது. பின்னாளில் அமெரிக்கா போன பெண்களின் பெட்டியிலும் ஊறுகாய்ப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது. நாம் முன்பு சொன்னதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். மணமேடைக்கு முன் கைம்பெண் வரலாகாது என்ற சமூகம், கைம்பெண் ஒருத்தி எழுதிய நூலை மணப்பெண்ணின் கையில் மங்கலப் பொருளாகக் கொடுத்தது. அட்டையில் அவர் பெயரை அச்சிட்டபடியே கொடுத்தது. எதிர்த்துப் பேசி எழுதியவர் பலர் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் பணி பெரிது. அம்மையார் எதிர்த்து ஒன்றும் எழுதியதில்லை. மிளகாய், தனியா, துவரம்பருப்பு என்று மட்டுமே எழுதினார். ஆனாலும் அந்தப் பந்தலுக்குள் அவர் பெயர் போயிற்று.

நூலின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். அது தமிழ்நாட்டுச் சமையல் முழுவதையும் சொல்லும் நூலன்று. தமிழ்நாட்டு அந்தணர் வீட்டு மரக்கறிச் சமையலைச் சொல்வது. புலால் இல்லை. கரிசலின் கம்பங்களியும் கேப்பைக் கூழும் அதன் நோக்கத்துக்கு அப்பாற்பட்டவை. இதனைக் குறையாகச் சொல்பவர் உண்டு. தாம் அறிந்ததை மட்டும் எழுதியவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. நம் வீடுகளின் நெய்ச்சோறும் தாளிச்சாவும், நோன்புக் கஞ்சியும் வட்டலப்பமும் எந்த ஆழாக்கால் அளக்கப்படுகின்றன என்று நம் உம்மாக்களிடமும் பெரியம்மாக்களிடமும் கேட்டு எழுதிவைத்தோர் எத்தனை பேர்? நோன்புக் கஞ்சியின் பதம் ஊருக்கு ஊர் மாறுவது. அதனை அறிந்த மூதாட்டி ஒருவர் மறையும்போது ஓர் ஊரின் கஞ்சியே மறைகிறது. சங்கரன்கோவில் பிரியாணிக்குத் தமிழ்நாடெங்கும் பெயர் உண்டு. அந்த அடுப்படியில் நின்று பெயர் பெற்றோரும் ஆண்களே.

ராயகிரியும் சிவகிரியும் வாசுதேவநல்லூரும் அடங்கிய நம் மலையடிவாரப் பகுதியில் விடியுமுன் இட்லிக் கொப்பரையைத் தெருவோரத்தில் ஏற்றும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். பணியாரம், ஆப்பம், பருத்திப்பால் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கைவேலை. அவர்களுள் கணவரை இழந்தோர் பலர். அந்த ஒரே அடுப்பில் மகனைக் கல்லூரி வரை அனுப்பியவர்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்து குறுந்தொகை படிக்கின்றனர். அம்மாவின் தொழில் என்னவென்று விண்ணப்பத்தில் நிரப்பும்போது இல்லத்தரசி என்று எழுதிவிடுகின்றனர். நாள்தோறும் இருநூறு இட்லி விற்பவள் எப்படி இல்லத்தரசி ஆவாள் என்று கேட்டால் தலைகுனிகின்றனர். அந்தத் தலைகுனிவு அப்பிள்ளைகளிடமிருந்து வந்ததன்று. நாம் இதுவரை எந்தத் தொழிலை மதித்தோம், எதனை மதிக்கவில்லை என்பதிலிருந்து வந்தது. மீனாட்சி அம்மாளின் வரலாற்றை இம்மலரில் எழுத நாம் முனைந்ததற்கும் இதுவே காரணம்.

அம்மையார் 1962ஆம் ஆண்டு மறைந்தார். அகவை ஐம்பத்தாறு. நூல் வெளிவந்த பின் அவர் வாழ்ந்தது பதினோராண்டே. ஆயினும் அதற்குள் மூன்று பாகங்களும் முடிந்திருந்தன. பதிப்புப் பணியைக் குடும்பத்தார் ஏற்று நடத்தினர். பேத்தியின் காலத்தில் புதிய பதிப்புகள் வந்தன. 2001இல் பெங்குவின் நிறுவனமும் ஆங்கிலத்தில் ஒரு தேர்வுத் தொகுப்பை வெளியிட்டது.

அவருடைய இறுதிக் காலமும் பழைய அளவைகளின் இறுதிக் காலமும் ஒன்றாகவே அமைந்தன. 1956இல் இயற்றப்பட்ட எடை அளவைச் சட்டம் 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. 1962க்குள் கிலோவும் லிட்டருமே சட்டப்படி செல்லும் அளவைகள் ஆயின. பின்வந்த பதிப்புகளில் ஆழாக்கையும் பலத்தையும் மில்லிலிட்டராகவும் கிராமாகவும் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ நூற்று அறுபத்தெட்டு மில்லிலிட்டர். ஒரு பலம் முப்பத்தைந்து கிராம். பழைய பதிப்பை வைத்திருக்கும் வீடுகளில், பாட்டி வைத்துவிட்டுப் போன ஆழாக்கையும் நூலோடு சேர்த்தே வைத்திருக்கின்றனர். நம் பக்கத்துச் சந்தையில் பயறும் அவித்த கடலையும் விற்கும் மூதாட்டியர் தராசைத் தொடுவதில்லை. உழக்கைக் கடலையில் அமிழ்த்திக் கூம்பாக அள்ளி, மேலே ஒரு பிடி போட்டுத்தான் தருகின்றனர்.